வீட்டு இணையத்தின் வாசற்கதவு: சின்ன லினக்ஸ் ரூட்டரை அமைப்பதும் பழுது பார்ப்பதும்



நோர்வேக்கு வந்து சில கிழமைகளுக்குள்ளேயே உங்களுக்கு ஒன்று விளங்கியிருக்கும். இந்த நாட்டில் முக்கால்வாசி அலுவல் இணையம் வழியாகத்தான் நடக்கிறது. வழக்கறிஞரின் மின்னஞ்சல், நொஸ்க் மொழிப் பாடம், ஊரில் இருக்கிற அம்மாவின் குரல் எல்லாமே ஒரு சின்னப் பெட்டிக்குள்ளால்தான் வந்து சேருகின்றன. அந்தப் பெட்டிக்குப் பெயர் ரூட்டர். அதை எப்படி ஒழுங்காகப் பூட்டி வைப்பது, அது நின்றுபோனால் எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பதுதான் இம்முறை பாடம். கணினி படித்தவர்களுக்கு மட்டும் எழுதியது என்று நினையாதேங்கோ. ஒரு லப்ரொப்பும், ஒரு வயரும், கொஞ்சப் பொறுமையும் இருந்தால் போதும்.

ஒரு வீட்டில் நடந்தது

முதலில் ஒரு சம்பவம். ஒஸ்லோவின் ஸ்தொவ்னர் பக்கம் ஒரு மாடி வீட்டில் நான்கு பேர் சேர்ந்து இருந்தார்கள். இணைப்பு ஒரு உறவினரின் பெயரில். கொம்பனி தந்த பெட்டிக்குப் பின்னால் இவர்கள் தங்கட சின்ன லினக்ஸ் ரூட்டர் ஒன்றையும் பூட்டியிருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் நெற் நின்றுவிட்டது. ஒரு தம்பி அவசரப்பட்டு ரூட்டரின் பின்பக்கத்தில் இருந்த சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு, ரீசெற் பொத்தானை நல்லா அமத்திப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு வைஃபை பெயர்கூடத் தெரியவில்லை. "அண்ணை, ரூட்டர் செத்துப்போச்சு" என்று எனக்குத் தொலைபேசி வந்தது.

அவர்களில் ஒருவருக்கு யூ.டி.ஐ. மறுப்புக் கொடுத்திருந்தது. மேன்முறையீட்டை எழுதி, "வாசித்துப் பிழை இருந்தால் உடனே சொல்லுங்கள்" என்று வழக்கறிஞர் மின்னஞ்சல் போட்டிருந்தார். அது வந்ததே தெரியாமல் இரண்டு நாள் போய்விட்டது. மேன்முறையீட்டுக்குப் பொதுவாக 3 கிழமைதான் தவணை. அந்த 3 கிழமைக்குள் இரண்டு நாள் என்பது சின்ன விடயம் இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது ரூட்டர் சாகவில்லை. தூசி உறிஞ்சுகிற மெஷின் இடித்து, இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருந்த வயர் கொஞ்சம் கழன்றிருந்தது. அவ்வளவுதான் முதல் பழுது. அதைத் திரும்பச் செருகியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ரீசெற் அடித்ததால்தான் அது இரண்டு நாள் பழுதாக மாறியது. ஏன் என்று போகப் போக விளங்கும். இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறவாதேங்கோ: முதலில் பார், பிறகு எழுது, கடைசியில்தான் ரீசெற்.

ரூட்டர் என்றால் என்ன, அதற்குள் லினக்ஸ் ஏன்?

ரூட்டர் ஒரு சின்னக் கணினி. திரையும் தட்டச்சுப் பலகையும் மட்டும்தான் அதற்கு இல்லை. அதற்குள் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். லிங்க்சிஸ் கொம்பனி 2002 கடைசியில் டபிள்யூ.ஆர்.ரி.54ஜி என்ற நீலநிறப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதற்குள் லினக்ஸ் இருக்கிறது என்று நிரலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிம விதிப்படி அதன் மூலநிரலைப் பொதுவில் தரவேண்டும் என்று கேட்க, 2003 இல் அது வெளியிடப்பட்டது. அதை அடிப்படையாக வைத்து 2004 இல் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. என்ற இலவச மென்பொருள் தொடங்கியது. இன்றைக்கு நூற்றுக்கணக்கான வகை ரூட்டர்களில் அதைப் போடலாம்.

இதனால் நமக்கு என்ன லாபம்? கொம்பனி கைவிட்ட பழைய பெட்டிக்கும் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இது சும்மா பேச்சு இல்லை. 2018 இல் வி.பி.என். ஃபில்ற்றர் என்ற தீய நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரூட்டர்களுக்குள்ளும் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளுக்குள்ளும் புகுந்திருந்தது தெரியவந்தது. அதில் பிடிபட்டவை பலவும் பழைய மென்பொருளோடும், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடும் கிடந்த வீட்டுப் பெட்டிகள்தான்.

தொடுவதற்கு முன் நான்கு கேள்வி

ஒன்று, இது யாருடைய வலையமைப்பு? முகாமில், அதாவது மொத்தாக்கில் இருக்கிற இணையம் முகாமுடையது. அங்கே சொந்த ரூட்டரைக் கேட்காமல் பூட்ட வேண்டாம். பிழையான துவாரத்தில் வயரைச் செருகினால் முழுக் கட்டடத்துக்குமே நெற் குழம்பும். முதலில் ஊழியர்களிடம் கேளுங்கோ.

இரண்டு, இணைப்பு யாருடைய பெயரில்? அந்த இணைப்பால் ஏதாவது தவறு நடந்தால் முதலில் கேள்வி வருவது அவரிடம்தான். உங்களை நம்பி நெற் தந்த மாமாவுக்கோ அக்காவுக்கோ தெரியாமல் எதையும் மாற்றாதேங்கோ.

மூன்று, கொம்பனி தந்த பெட்டியா? பெரும்பாலும் அது கொம்பனியின் பொருள். ஒப்பந்தம் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். அதற்குள் வேறு மென்பொருள் ஏற்றவே கூடாது. உங்கட ரூட்டரை அதற்குப் பின்னால் வயரால் பூட்டுங்கோ.

நான்கு, வாங்கப்போகிற பழைய பெட்டி உதவுமா? இரட்சணிய சேனையின் ஃப்ரெத்தெக்ஸ் போன்ற பழம்பொருள் கடைகளில் ரூட்டர் கண்ணில் படும். அடியில் ஒட்டியிருக்கிற தாளில் மாதிரிப் பெயரையும் பதிப்பு எண்ணையும் பாருங்கோ. ஒரே பெயரில் பதிப்பு 1 க்கும் பதிப்பு 3 க்கும் உள்ளே வேறு வேறு பாகம் இருக்கலாம். ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. தளத்தில் உள்ள சாதனப் பட்டியலில் அதே பதிப்பு இருந்தால் மட்டும் வாங்குங்கோ. சேமிப்பு 16 எம்.பி., நினைவகம் 128 எம்.பி. இருந்தால் நல்லது. 4 எம்.பி. சேமிப்பும் 32 எம்.பி. நினைவகமும் உள்ள மிகப் பழைய பெட்டிகளுக்குப் புதிய பதிப்புகள் வருவதில்லை. இன்னொன்று, மின்சார அடப்ரர். 9 வோல்ட் கேட்கிற பெட்டிக்கு 12 வோல்ட் அடப்ரரைச் செருகினால் பெட்டி எரிந்துபோகலாம். பெட்டியில் எழுதியிருக்கிற வோல்ட்டும் அடப்ரரில் எழுதியிருக்கிற வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மென்பொருளை ஏற்றும்போது உங்கள் மாதிரிக்கும் பதிப்புக்கும் உரிய கோப்பை மட்டும் எடுங்கோ. வைஃபையில் ஏற்றாமல் வயரில் ஏற்றுங்கோ. அது முடியும்வரை கரண்டைக் கழட்டவே கூடாது. பாதியில் நின்றால் பெட்டி செங்கல்லுக்குச் சமம்.

அமைக்கும் முறை

படி 1. உள்ளே போதல். ரூட்டரில் இரண்டு வகைத் துவாரம் இருக்கும். லான் என்பது வீட்டுப் பக்கம். வான் என்பது வெளிப் பக்கம். பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். உங்கள் லப்ரொப்பை லான் துவாரத்தில் வயரால் பூட்டுங்கோ. வான் பக்கத்தை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கோ. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் லூசி என்ற அமைப்புப் பக்கம் வரும். பயனர் பெயர் ரூட். முதல் தடவை கடவுச்சொல் கிடையாது. ஆகவே முதல் வேலை, சிஸ்டம் பகுதிக்குப் போய் நல்ல கடவுச்சொல் வைப்பது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வைப்போம் என்று விடாதேங்கோ.

படி 2. வீட்டு முகவரியை மாற்றுதல். மேலே சொன்ன கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பல கொம்பனிப் பெட்டிகளும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத்தான் கொடுக்கின்றன. உங்கள் ரூட்டரும் அதே முகவரிகளோடுதான் வருகிறது. ஒரே தெருப்பெயர், ஒரே வீட்டு இலக்கம் இரண்டு இடத்தில் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரூட்டருக்கும் அதே நிலைமைதான். வீட்டுப் பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே தொடர் என்றால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் நின்றுவிடும்.

ஆகவே நெற்வேர்க் பகுதியில் இன்ரர்ஃபேஸ் என்பதைத் திறந்து, லான் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கோ. மாற்றத்தைச் சேமிக்கும்போது லூசி 90 வினாடி பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் உங்கள் லப்ரொப் அதோடு திரும்பத் தொடர்புகொள்ளாவிட்டால், ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்துப் பழைய நிலைக்கே போய்விடும். நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் முகவரியை மாற்றும்போது தொடர்பு அறுவது இயல்பு. அதனால் இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும், சோதிக்காமல் நடைமுறைப்படுத்து என்ற பொருளில் இருக்கிற தெரிவை எடுங்கோ. பிறகு வயரைக் கழட்டிச் செருகி, 192.168.50.1 என்ற புது முகவரியில் திறவுங்கோ.

படி 3. வெளிப்பக்கம். இப்போது கொம்பனிப் பெட்டியின் லான் துவாரத்தில் இருந்து உங்கள் ரூட்டரின் வான் துவாரத்துக்கு வயர் போடுங்கோ. வான் பக்கம் முகவரியைத் தானாகவே கேட்டு வாங்கும். நீங்கள் ஒன்றும் எழுதத் தேவையில்லை. ஸ்ரேற்றஸ் பக்கத்தில் வான் முகவரி ஒன்று தெரிந்தால் சரி.

படி 4. வைஃபை. ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. போட்ட பெரும்பாலான பெட்டிகளில் தொடக்கத்தில் வைஃபை அணைந்தே இருக்கும். நீங்கள்தான் இயக்க வேண்டும். நாடு என்ற இடத்தில் நோர்வேயைத் தெரிவு செய்யுங்கோ. எந்த அலைவரிசையை எவ்வளவு பலத்தோடு பாவிக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. பாதுகாப்பு முறைக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3. பழைய தொலைபேசி பிடிக்காவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2 போதும். கடவுச்சொல் இல்லாமல் திறந்து விடவே கூடாது.

வைஃபைக்குப் பெயர் வைக்கும்போது கவனம். உங்கள் பெயர், ஊர்ப் பெயர், கட்சி அல்லது இயக்கப் பெயர், கதவு இலக்கம் ஒன்றும் வேண்டாம். அந்தப் பெயர் மதிலைத் தாண்டி ரோட்டில் போகிறவரின் தொலைபேசியிலும் தெரியும். பாதுகாப்புத் தேடி வந்த நாங்கள் எங்கட விலாசத்தை நாங்களே ஒலிபெருக்கியில் சொல்லத் தேவையில்லை. கடவுச்சொல்லுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதலாம். மனதில் நிற்கும், மற்றவர் ஊகிப்பதும் கடினம்.

தீச்சுவரை விளங்கிக்கொள்ளுதல்

ஃபயர்வோல் என்பதைத் தமிழில் தீச்சுவர் என்று எழுதுவார்கள். நொஸ்க்கில் பிரான்மூர், அதற்கும் அதே பொருள்தான். ஆனால் இது சுவர் என்பதைவிட வாசற் காவலாளி என்று நினைத்தால் இலகுவாக விளங்கும்.

காவலாளியிடம் ஒரு கொப்பி இருக்கிறது. வீட்டுக்குள் இருந்து யாராவது வெளியே ஒரு பொருள் கேட்டு அனுப்பினால் கொப்பியில் எழுதுவார். அந்தப் பொருள் வந்ததும், "ஓம், இது 3 ஆம் அறைக்காரர் கேட்டது" என்று உள்ளே விடுவார். ஒருவருமே கேட்காத பொதி வந்தால் வாசலிலேயே திருப்பிவிடுவார். நீங்கள் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால் பதில் வருவதும், தெரியாத ஒருவர் வெளியில் இருந்து தட்டினால் கதவு திறவாததும் இப்படித்தான்.

ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. இல் இது வலயம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். லான் வலயத்தில் உள்ளவர்கள் ரூட்டரோடு பேசலாம், வெளியே போகலாம். வான் வலயத்தில் இருந்து வருகிறவை, சில அவசியமான விதிவிலக்குகளைத் தவிர, மறுக்கப்படும். இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே சரியாக இருக்கிறது. நெற் வேலை செய்யவில்லை என்றதும் சிலர் "ஃபயர்வோல்தான் தடுக்குது" என்று வான் வலயத்தை முழுதாகத் திறந்துவிடுவார்கள். அப்படிச் செய்யாதேங்கோ. வட்ஸப் அழைப்பு, வீடியோ சந்திப்பு, மின்னஞ்சல் எல்லாம் உள்ளே இருந்து தொடங்குகிறவை. அவற்றுக்கு வெளிக்கதவு திறக்கத் தேவையே இல்லை. வெளியில் இருந்து ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கிற வசதியையும் கொடுக்க வேண்டாம்.

விருந்தினர் வலயம்

வீட்டுக்கு நாலுபேர் வந்து போவார்கள். எல்லோருக்கும் உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்க முடியாது. கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்வதும் எங்கட பழக்கத்துக்கு ஒத்துவராது. அதற்கு வழி, விருந்தினருக்கென்று வேறொரு வைஃபை. அதற்கு 192.168.60.1 என்று தனி முகவரி, முகவரி கொடுக்கிற டி.எச்.சி.பி. சேவை, தனி வலயம் வையுங்கோ. அந்த வலயத்தில் இருந்து வான் பக்கம் போக மட்டும் அனுமதி. லான் பக்கமும் வேண்டாம், ரூட்டரின் அமைப்புப் பக்கமும் வேண்டாம்.

இங்கே பலர் விடுகிற பிழை ஒன்று உண்டு. ரூட்டரோடு பேசவே கூடாது என்று முழுதாக மறுத்துவிட்டால், விருந்தினரின் தொலைபேசி "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்ற இடத்திலேயே நின்று சுற்றிக்கொண்டிருக்கும். ஏனென்றால் முகவரி கொடுப்பதும், இணையப் பெயர்களைத் தேடிக் கொடுப்பதும் ரூட்டர்தான். ஆகவே இரண்டு சின்ன யன்னலைத் திறந்துவிட வேண்டும். முகவரி கேட்க யூ.டி.பி. 67 ஆம் வாயில். பெயர் கேட்க 53 ஆம் வாயில், இது ரி.சி.பி., யூ.டி.பி. இரண்டிலும். வேறொன்றும் வேண்டாம்.

இன்னொரு நுட்பம். உங்கள் ரூட்டருக்குக் கொம்பனிப் பெட்டியும் வெளியாள்தான். அதனால் விருந்தினரால் கொம்பனிப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தை எட்ட முடியும். பெட்டியில் ஒட்டியிருக்கிற கடவுச்சொல்லையே வைத்திருந்தால், இணைப்புக்காரரிடம் சொல்லி அதையும் மாற்றுவியுங்கோ.

எல்லாம் சரிவந்தபின் சிஸ்டம் பகுதியில் பக்கப் என்பதை அமத்தி, அமைப்புக் கோப்பை லப்ரொப்பில் சேமித்து வையுங்கோ. ஸ்தொவ்னர் வீட்டில் இந்தக் கோப்பு இருந்திருந்தால் என் வேலை ஐந்து நிமிடம். இல்லாததால் எல்லாவற்றையும் முதலில் இருந்து செய்ய வேண்டி வந்தது.

நெற் நின்றால் பார்க்கும் ஒழுங்கு

உள்ளே இருந்து வெளியே ஒவ்வொரு வாசலாகப் போங்கோ. ஒரு வாசலைத் தாண்டாமல் அடுத்ததற்குப் பாயக் கூடாது.

1. கரண்டும் வயரும். இரண்டு பெட்டியிலும் விளக்கு எரிகிறதா? ஒவ்வொரு வயரையும் கழட்டிச் செருகுங்கோ. டிக் என்று சத்தம் கேட்க வேண்டும்.

2. உங்கள் தொலைபேசிக்கு அல்லது லப்ரொப்புக்கு முகவரி வந்ததா? 192.168.50 என்று தொடங்கினால் சரி. 169.254 என்று தொடங்கினால் முகவரி கொடுக்க ஒருவருமே இல்லை, அது தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். பழுது உங்களுக்கும் ரூட்டருக்கும் இடையில்.

3. ரூட்டரின் பக்கம் திறக்கிறதா? திறந்தால் வீட்டுக்குள் பழுது இல்லை.

4. வான் பக்கம் முகவரி இருக்கிறதா? இல்லாவிட்டால் நடு வயர் அல்லது கொம்பனிப் பெட்டி. முதலில் கொம்பனிப் பெட்டியை நிறுத்திப் போட்டு, விளக்குகள் நிலைக்கும்வரை சில நிமிடம் விட்டு, பிறகு உங்கள் ரூட்டரைப் போடுங்கோ. வான் முகவரி உங்கள் வீட்டு முகவரித் தொடரிலேயே இருந்தால், படி 2 இல் சொன்ன மோதல். வீட்டு முகவரியை மாற்றுங்கோ.

5. நெற்வேர்க் பகுதியில் டயக்னொஸ்ரிக்ஸ் திறந்து 8.8.8.8 க்கு பிங் அனுப்புங்கோ. பதில் இல்லையென்றால் பழுது கொம்பனிப் பக்கம். பதில் வருகிறது, ஆனால் இணையத்தளப் பெயர் போட்டால் திறக்கவில்லையென்றால் பெயர் தேடும் சேவை, அதாவது டி.என்.எஸ்., வேலை செய்யவில்லை. வான் அமைப்பில் வேறொரு டி.என்.எஸ். முகவரி கொடுத்துப் பாருங்கோ.

6. நெற் வருகிறது, வைஃபை மட்டும் இழுபடுகிறதா? ஒஸ்லோ மாடி வீடுகளில் கொங்கிறீற் சுவர். பக்கத்து வீட்டு வைஃபை இருபது முப்பது தெரியும். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 ஆம் அலைவரிசைகளில் நெரிசல் குறைந்ததை எடுங்கோ. ரூட்டரை இரும்பு அலுமாரிக்குள் பூட்டாதேங்கோ. சுவரில் இருக்கிற மின்சார வெப்பப் பெட்டிக்கு மேலும் வையாதேங்கோ. 5 கிகாஹேர்ட்ஸ் உடனே வராவிட்டால் பதற வேண்டாம். சில அலைவரிசைகளில் ராடார் இருக்கிறதா என்று ரூட்டர் முதலில் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கும். காலநிலை ராடார் பாவிக்கிற அலைவரிசைகளில் 10 நிமிடம் கேட்கும்.

தம்பி ரீசெற் அடித்தபோது என்ன நடந்தது என்பது இப்போது விளங்கும். ரூட்டர் தன் பிறந்தநாள் நிலைக்குப் போனது. அந்த நிலையில் வைஃபை அணைந்திருக்கும், அதனால் பெயர் மறைந்தது. முகவரி 192.168.1.1 ஆனது, கொம்பனிப் பெட்டியோடு மோதியது. பிறகு வயரைச் சரியாகச் செருகியும் பயன் இல்லாமல் போனது.

நீங்களே பிழையான விதி போட்டு உள்ளே போக முடியாமல் பூட்டுப்பட்டால்? ரீசெற்றுக்கு முன் ஒரு வழி உண்டு. கரண்டைப் போட்டதும் விளக்கு வேகமாக மின்னும் நேரத்தில் பொத்தானை அமத்தினால், ரூட்டர் பாதுகாப்பு நிலையில் எழும்பும். லப்ரொப்புக்கு 192.168.1.2 என்று முகவரியைக் கையால் கொடுத்து, லான் வயர் வழியாக 192.168.1.1 க்குப் போகலாம். அங்கே லூசி பக்கம் வராது. கட்டளை எழுதுகிற கறுப்புத் திரை மட்டும்தான். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கோ. பக்கப் கோப்பு கையில் இருந்தால் ரீசெற் அடிப்பதிலும் பயமில்லை. வயரில் பூட்டி, கோப்பை ஏற்றினால் சரி.

நம்பிக்கையைக் காப்பாற்றுங்கோ

ரூட்டரின் கடவுச்சொல் வைத்திருப்பவரால், மற்றவர்கள் வட்ஸப்பில் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்க முடியாது. அது மறைகுறியாக்கப்பட்டது. ஆனால் எந்தத் தொலைபேசி எந்தத் தளத்தின் பெயரைத் தேடியது என்று அவரால் அறிய முடியும். ஆகவே சேர்ந்து இருக்கிற வீட்டில் அது பொறுப்பான பதவி. ஆராய்ந்து பார்க்காதேங்கோ. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கோ. அதேபோல, தீச்சுவர் எல்லாவற்றையும் காக்கும் என்றும் நம்பாதேங்கோ. தெரியாத ஒருவர் அனுப்பிய இணைப்பை நீங்களே அமத்தினால், உள்ளே இருந்து கேட்ட பொதி என்று காவலாளி அதை விட்டுவிடுவார். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கோ.

கொம்பனிக்குத் தொலைபேசி எடுக்கும்போது

பழுது கொம்பனிப் பக்கம் என்று தெரிந்தால், இணைப்புக்காரரோடு சேர்ந்து எடுங்கோ. இந்த வசனங்கள் உதவும்.

இன்டர்நெத் வீர்க்கர் இக்கெ: இணையம் வேலை செய்யவில்லை.
யாய் ஹார் ஸ்தார்த்தெத் ரூத்தெரென் போ நித்: நான் ரூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டுவிட்டேன்.
ஆர் தெ ஃபைல் இ ஒம்ரோதெ: இந்தப் பகுதியில் பழுது ஏதும் இருக்கிறதா?
கான் வி ஸ்நாக்கெ எங்கெல்ஸ்க்: ஆங்கிலத்தில் கதைக்கலாமா?

"பிங் பதில் வரவில்லை, வயர் எல்லாம் பார்த்துவிட்டேன்" என்று ஒழுங்காகச் சொல்கிறவரோடு அவர்களும் ஒழுங்காகக் கதைப்பார்கள்.

பழுது தீரும்வரை

வழக்கு அலுவல் இருக்கிறவர்கள் ரூட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒஸ்லோவின் தைக்மன் நூலகத்தில் வைஃபை இலவசம். பியோர்விக்காவில் ஒப்பரா மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய கட்டடம் 2020 இல் திறக்கப்பட்டது. ஸ்தொவ்னர், ஃபுரூசெத் போன்ற இடங்களிலும் கிளைகள் இருக்கின்றன. அந்தத் தம்பியும் அன்றைக்கு நூலகத்துக்குப் போய்த்தான் மின்னஞ்சலை வாசித்தார். அதில் ஒரு திகதி பிழையாக இருந்தது. உடனே எழுதித் திருத்தினார், தவணைக்குள் மேன்முறையீடு போய்ச் சேர்ந்தது. உங்கள் தவணைத் திகதி எது என்று வழக்கறிஞரிடம் கேட்டு, தாளில் எழுதி வையுங்கோ. அவருடைய தொலைபேசி எண்ணும் தாளில் இருக்கட்டும்.

வீட்டுப் பயிற்சி

ஒரு வெள்ளைத் தாள் எடுங்கோ. இந்த ஆறையும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இல்லாமல், அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுங்கோ.

1. ரூட்டரின் மாதிரியும் பதிப்பு எண்ணும்.
2. வீட்டு முகவரி, விருந்தினர் முகவரி.
3. எந்த வயர் எந்தத் துவாரத்தில் என்று ஒரு சின்னப் படம்.
4. பக்கப் கோப்பு எந்த லப்ரொப்பில், எந்தத் திகதியில் எடுத்தது.
5. இணைப்பு யார் பெயரில், கொம்பனியின் தொலைபேசி எண்.
6. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது. கடவுச்சொல்லை எழுத வேண்டாம், ஆளின் பெயரை மட்டும்.

பிறகு வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு, வான் வயரை ஒருமுறை கழட்டிவிட்டு, "பழுதைக் கண்டுபிடியுங்கோ" என்று சொல்லிப் பாருங்கோ. ஒவ்வொரு வாசலாகப் பார்த்து வந்தால் நாலாவது வாசலுக்குள்ளேயே பிடித்துவிடுவார்கள். ஊசியைத் தேடி ஓடுகிறவருக்கு இந்தப் பாடத்தை இன்னொருமுறை வாசித்துக் காட்டுங்கோ.